நூற்றைம்பது கிராம்

முதல் வேகன் கூரியரில் வந்த அன்று
வஞ்சிபாளையம் எடைமேடையில்
சிமெண்ட் லாரி பதினேழு.
ரசீது மேசைக்கு அடியில் வைத்துப் பிரித்தேன்.
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. கதவு திறக்காது.

இப்போது முப்பது.
சேலத்துக்காரர் ஒருவர் வார்த்துத் தருகிறார்,
சக்கரம் மட்டும் வெளிநாட்டுச் சரக்கு.
லேசாக இருந்தால் வளைவில் கவிழ்ந்துவிடும்;
கணபதிப் பட்டறையில் கழித்த நட்டுகளை
வயிற்றுக்குள் ஒட்டி, சின்னத் தராசில் நிறுப்பேன்.
ஒவ்வொன்றும் நூற்றைம்பது கிராம்.
பகலெல்லாம் டன்,
ராத்திரியில் இது.

"ஏனுங்க அம்மிணி, இன்னும் எஞ்சின் வாங்கலீங்களா?"
கேட் திறக்கும் சென்னிமலை மாதம் ஒருமுறை கேட்பார்.
எஞ்சின் ஈரோட்டில் கழன்றுகொண்டு
வேறெதையோ இழுக்கப் போய்விடும்.
அப்புறமும் நிற்பது வேகன்தான்,
இறக்க ஆள் வரும்வரை.
இதை அவரிடம் சொன்னதில்லை.
"வாங்கோணுங்க" என்பேன்.

பங்குனியில் கூட்ஸ் ஷெட்டில் நின்ற ஒன்றின் எண்ணை
ரசீதின் முதுகில் குறித்து வந்து
நாலு முடி மிச்சமுள்ள தூரிகையால்
பதினோரு இலக்கமும் எழுதினேன்.
ஐப்பசி மழையில்
அதே எண் திரும்பி வந்து நிற்கிறது.
இடது கதவு உள்வாங்கி நெளிந்திருந்தது.
எங்கே, எது இடித்ததோ.
சாக்பீஸில் எழுதிய 'காலி'யில்
'லி' கரைந்து போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும்
கொறடைக் கேஸ் அடுப்பில் காட்டி
இடது கதவில் வைத்து அழுத்தினேன்.
பிளாஸ்டிக் நாற்றம் சோற்றுச் சட்டிவரை போனது.
'கா' என்று மட்டும் எழுதினேன்.

திரும்ப நிறுத்துப் பார்த்தேன்.
குறையவில்லை.