கேள்வி நேரம்

ஜூன் எட்டு, பிற்பகல் மூன்று மணி.
தாவ் ஆற்றங்கரையில் எங்கள் ஊர்
வாயை மூடிக்கொண்டுவிட்டது.
பாலத்தடியில் கான்கிரீட் கலக்கும் எந்திரம் நின்றுவிட்டதாம்.
லாரிகள் சுற்றுவழியில் போகின்றனவாம்.
பள்ளி மதிலோரத்துப் பாப்லர் மரத்திலிருந்து
நேற்றிரவே ஏணி போட்டுக்
குருவிகளைக் கலைத்துவிட்டார்களாம்.
எனக்கு வரும் எல்லாச் செய்திக்கும்
வாலில் ஓர் ‘ஆம்’ உண்டு.
அமைதியைக்கூடப் பிறர் சொல்லித்தான் அறிவேன்.

கரும்பலகைக்கு மேலே கறுப்புப் பெட்டி.
அதற்குள் ஓர் ஆணும் பெண்ணும்
ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள்:
குடையை எங்கே மறந்தாய்,
பல் மருத்துவர் எத்தனை மணிக்கு வரச் சொன்னார்.
பழைய தாள்களில் படித்திருக்கிறேன்.
எத்தனை வருடமாய் அதே குடை.

இருபது கேள்வி, முப்பது மதிப்பெண்.
என் நுழைவுச்சீட்டில் மட்டும் சிவப்பு முத்திரை: விலக்கு.
நான்கு வயதுக் காய்ச்சல் ஒன்றின் கையொப்பம் அது.
விதி இப்படி:
பெட்டி பேசி முடிக்கும்வரை
தாளைப் புரட்டக் கூடாது,
பேனாவைத் தொடக் கூடாது,
கைகள் மேசைமேல் இருக்க வேண்டும்.

ஊரே காது கொடுத்துக் கேட்கிறது.
கொடுக்க என்னிடம் காது இல்லை.
கண் இருக்கிறது;
அதற்கு யாரும் விலக்குத் தரவில்லை.

பார்க்கிறேன்.
முன்னிருக்கையில் ஃபூ தெங்யுவான்
(உள்ளே வரும்போது மேசை ஒட்டியில் படித்தது).
கழுத்தில் புதிதாய் முடிவெட்டிய வெள்ளைக்கோடு.
விடை வருவதற்கு ஒரு கணம் முன்
அறை முழுக்க மூச்சு நிற்கிறது.
பிறகு பென்சில்கள் குனிந்து கொத்துகின்றன,
தானியம் கண்ட கோழிகள் மாதிரி.
ஒரேயொரு கோழி கொத்தவில்லை.
ஃபூவின் காதுமடல் மெல்லச் சிவக்கிறது.
தவறவிட்டான்.
மறுபடி ஒலிக்கும் என்று அவன் தோள்கள் நம்புகின்றன.
மற்றவர்கள் தாள் புரட்டுகிறார்கள்.

“உனக்கென்ன, முப்பதும் சும்மா”
என்று பயிற்சித் தேர்வு நாளில்
நோட்டு ஓரத்தில் எழுதிக் காட்டினாள் பி யாச்சிங்.

சும்மா இல்லை, யாச்சிங்.
நான் வாசித்து வாங்குவதைத்தான் இழுத்து நீட்டி
அந்த முப்பதையும் மூடுவார்கள்.
குட்டைப் போர்வை.
வாசிப்பில் ஒரு சொல்லில் சறுக்கினால்
கேளாத சொல்லொன்றும்
கூடவே விழும்.

உங்களுக்கெல்லாம் ஆங்கிலம் அயல்மொழி.
எனக்கு
அம்மா பேசுவதும் அந்தப் பெட்டி பேசுவதும்
ஒரே தூரம்.
கத்திக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது
முதலில் ஒரு ‘கே’ வருமே,
வாயே திறக்காமல் நிற்குமே,
வகுப்பே அதைத் திட்டியபோது
நான் அதை நோட்டில் பெரிதாக எழுதிப் பார்த்தேன்.
யாரும் ஒலிப்பதில்லை.
விட்டுவிட்டு எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

மேற்பார்வைக்கு வந்த ஷாங்குவான் ஆசிரியை
என் கைகளையே பார்க்கிறார்.
களவாடாத கையைக் காவல் காப்பது
அவருக்கும் சங்கடம் போல.
உதட்டை மட்டும் அசைத்துச் சொல்கிறார்:
இன்னும் ஐந்து நிமிடம்.
ஒவ்வோர் அசையையும் அகலமாக,
குழந்தைக்குச் சோறு காட்டுவதுபோல.
தலையசைத்தேன்.
பெட்டிக்கும் இப்படி ஓர் உதடு இருந்திருந்தால்
இந்நேரம் அந்தக் குடையைக்
கண்டுபிடித்துக் கொடுத்திருப்பேன்.

இருபத்தொன்பது முதுகுகள் ஒன்றாய்த் தளர்கின்றன.
ஆசிரியையின் இரண்டு விரல் என் மேசையைத் தட்டுகிறது,
மரம் வழியே மணிக்கட்டுக்கு வருகிறது.

வாசிப்பு, முதல் பகுதி.
ஏதோ ஒரு கடலோர ஊரில் மீன் காட்சியகம்.
திங்கட்கிழமை விடுமுறை.
ஐந்து வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை.
சுறாக்களுக்கு உணவிடும் நேரம் பதினொன்றரை.

ஃபூ தெங்யுவான் திடுக்கிட்டுச் சன்னல் பக்கம் திரும்பினான்.
இன்னும் நாலைந்து பேரும் திரும்பினார்கள்.
சாலை திறந்திருக்கும். ஹாரனாக இருக்கும்.

கண்ணாடியைத் தட்டக் கூடாது,
என்கிறது நான்காம் வரி.