முந்நூறு கொக்கு

பலகை சொல்வது இவ்வளவுதான்:
ஹயாசே முனெயோரி, குரோதானிக் கோட்டைத் தளபதி.
ஆண்டுச் சம்பளம் முந்நூறு கொக்கு.

கொக்கு எனக்குப் பறவை.
அவர்களுக்கு, ஓர் ஆள் ஓர் ஆண்டு உண்ணும் அரிசி.
முந்நூறு வயிற்றுச் சோறு
ஒரே கழுத்தின் மேல்.
பதினொரு நாள் வாசலை மறித்து நின்றான்,
பன்னிரண்டாம் நாள் விழுந்தான்.
செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு சொல் இருப்பது
ஆங்கிலப் பலகைக்குத் தெரியாது.
விசுவாசம் என்று எழுதி முடித்துவிட்டது.

நாலு மாதம் இரவுக் காவல்.
மணிக்கொரு முறை அவன் கண்ணாடிப் பெட்டியின்
ஈரப்பதம் பார்த்துக் குறிக்க வேண்டும்: ஐம்பத்தைந்து.
வெளியே சிங்கப்பூர் ஆறு வியர்த்துக் கிடக்கும்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் வங்கிகள்
விளக்கணைக்காமல் நிற்கும்.
முகமூடிக்கு மீசை உண்டு, பன்றி மயிர்;
கண்ணிருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.
இரண்டாம் வாரமே
அதற்கு வணக்கம் வைக்கப் பழகிவிட்டேன்.
கண்காட்சி முடிகிறது, என் குத்தகையும் முடிகிறது என்று
இருவருக்கும் ஒரே கடிதம்தான் வந்தது.

இன்று பெட்டி கட்டினார்கள்.
வெள்ளைக் கையுறையோடு கோ பெங் ஹுவாட்
கவசத்தைத் தூக்கித் திருப்பினார்.
இத்தனை நாளும் சுவரைப் பார்த்திருந்த முதுகு.
இடது தோளுக்குக் கீழே
ஐம்பது காசு அகலத்தில் ஒரு துளை,
விளிம்பு உள்நோக்கி மடங்கி.
மார்பில் கீறல்கள் ஏராளம்.
துளை ஒன்றுகூட இல்லை.

புறப்புண்.
அதற்கு நாணி வடக்கிருந்து
உயிரை விட்டிருக்கிறார்கள் எங்கள் பக்கத்து அரசர்கள்.
ஓடியிருப்பானோ என்று வாய்வரை வந்தது,
கடித்துக்கொண்டேன்.

வாசலைப் பார்த்தல்லவா நின்றான்.
முதுகுக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும்?
கோட்டை.
நெற்கிடங்கு.
சாளரங்கள், அதில் ஒன்றில்
படியளந்தவன்.

பெங் ஹுவாட் துளைக்குள் டார்ச் அடித்தார்.
உள்ளே நீலத் துணியில் ஓர் ஒட்டு,
எறும்பு ஊர்ந்தாற்போல நெருக்கத் தையல்.
தைத்தது மனைவியோ, மகளோ,
சுட்டவனேதானோ.

ஹஸ்லினா படிவத்தை நீட்டினாள்.
'முன்பே இருந்த சேதம்' என்றொரு கட்டம்.
சாட்சி என்ற இடத்தில்
என் கையெழுத்து.

லாரி போய்விட்டது.
பணி முடிய இன்னும் இருபது நிமிடம்.
வெறும் பெட்டிக்குள் ஈரப்பதம் ஐம்பத்தைந்து.
யாரும் கேட்கவில்லை,
குறித்து வைத்தேன்.