ஓர் ஊசி குறைகிறது

முதலில் அது பறவை என்றுதான் நினைத்தேன்.
சேஜ் புதருக்குள் ஏதோ ஒன்று,
வண்டி நகர்ந்தால் கீச்சிடும், நின்றால் அடங்கும்.
எந்தப் பறவைக்கு என் பிரேக் மிதியோடு உறவு?

பெனாட்டிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.
போன மார்ச்சிலிருந்து அண்ணனும் நானும்
டேஷ்போர்டில் சீட்டு வைத்துத்தான் பேசிக்கொள்கிறோம்.
'டீசல் கால் டேங்க்.'
'வடக்குக் கேட் திறந்து கிடந்தது, நீதானே.'
கீழ்மேய்ச்சலை விற்பதா வேண்டாமா என்பதில் நின்றுபோன பேச்சு.
ஆடு எண்ணூறு, டிரக் ஒன்று.
திங்கள் முதல் புதன் அவனுக்கு,
அடுத்த மூன்று நாள் எனக்கு.
ஞாயிறு யாருக்கும் இல்லை.
ஐடஹோவின் பனியில் அது சும்மா நிற்கும்.

நாற்பது மைல் வேகத்தில் கீச்சு மறைந்து
இருக்கைக்கடியில் நடுக்கம் வந்தது.
காபிக் குவளைக்குள் வட்டம் வட்டமாக அலை.
டயர் என்றேன்; சமன் செய்ய அறுபது டாலர் போயிற்று.
சக்கர பேரிங் என்றேன்; ஜாக்கி போட்டு ஆட்டினேன், அசையவில்லை.
'சத்தம் கேட்டாயா?' என்று சீட்டு வைத்தேன்.
'எந்தச் சத்தம்.'
கேள்விக்குறிகூடப் போடவில்லை அவன்.

சனிக்கிழமை அட்டைப்பெட்டியை விரித்து அடியில் படுத்தேன்.
சக்கரத்துக்குக் கட்டை, கியர் நியூட்ரல்.
முன் டிரைவ் ஷாஃப்டை இரு கையாலும் முறுக்க,
டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்து இரட்டை மூட்டில்
'டக்'.
விழப்போகும் பல் போல ஓர் ஆட்டம்.
மூடியோரம் சிவப்புப் பொடி,
கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் துரு.

ஆனால் டயரையும்தான் இப்படி நம்பினேன்.
சுண்ணக்கட்டியால் இருபக்கமும் கோடு போட்டு,
எட்டு போல்ட்டைக் கழற்றி,
ஈன்ற குட்டியை வாங்குவதுபோல் நெஞ்சில் வாங்கி
ஷாஃப்டை வெளியே எடுத்துவைத்தேன்.
பின்சக்கரம் மட்டும் தள்ள, நெடுஞ்சாலை வரை ஓட்டினேன்.
கீச்சு இல்லை. நடுக்கம் இல்லை.
இல்லாமல் போனதை வைத்து நோயைக் கண்டுபிடித்தேன்.

அந்த அமைதி பிடித்திருந்தது.
பதினொரு நாள் அப்படியே விட்டேன்.
'முன்சக்கர இழுப்பு இல்லை. சேற்றில் இறங்காதே.'
சீட்டு இருந்த இடத்தில்தான் இருந்தது.
அவன் இறங்கினான்.

இரவு ஒன்பதுக்கு ஷெட் கதவில் நின்றான்.
ஆறு மைல் நடந்த சேறு, முழங்கால் வரை.
நான் வைஸில் மூட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன்.
வட்டக் கிளிப்பைப் பிடுங்கி, சாக்கெட் வைத்துத் தட்ட,
பழைய மூடி வெளியே வந்தது.
உள்ளே ஊசிகள் இல்லை, மாவாகியிருந்தன.
சிலுவைக் கையில் நகம் ஓட்டினால் பள்ளம் பள்ளமாகத் தடுக்கியது.
நடுக் குண்டு எலும்புபோல் காய்ந்து கிடந்தது.

புதுச் சிலுவையின் நாலாவது மூடி உட்காரவில்லை.
கிளிப் விழ நூலளவு இடம் போதவில்லை.
ஓங்கி அடிக்கப்போனேன்.
அவன் கையை நீட்டி மூடியைக் கழற்றி வாங்கிக்கொண்டான்.
விளக்கடியில் பிடித்து உதடு அசைய எண்ணினான்.
"இருபத்தேழு."

பதினொரு மாதத்தில் வாயால் சொன்ன முதல் சொல்.
இருபத்தெட்டு இருக்கவேண்டும்.
எங்களிடம் மிஞ்சியிருக்கும் பாஸ்க் மொழி வசவு மட்டும்தான்;
அதை இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.
தரையைக் காந்தத்தால் தடவினான், கிரீஸ் டப்பாவைக் கிளறினேன்.
கடைசியில் அது என் கையுறை மடிப்பில்,
அரிசியைவிட ஒல்லியாக.

மூடி உட்கார்ந்தது. கிளிப் 'டிக்' என்றது.
கோட்டோடு கோடு சேர்த்துப் பூட்டுகையில்
ஞாயிறு பிறந்திருந்தது.
பொழுது விடிய டிராக்டரோடு போய்
சேற்றிலிருந்து டிரக்கை இழுத்துவந்து மாட்டினோம்.
கனத்த முனை அவன் தோளில்.
அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

வியாழக்கிழமை சீட்டு:
'நன்றாக ஓடுகிறது. விற்பதில் மாற்றமில்லை.'

அதன் கீழே எழுதினேன்:
'மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ்.
நடுக் குண்டுக்கு ஊசிமூக்கு வேண்டும்.
இடது அலமாரி, இரண்டாவது தட்டு.'