நான்காவது கட்டம்

பிக்கப்பில் பாதி என்னுடையது,
பாதி அமுல்ராஜுடையது.
வாரம் விட்டு வாரம் ஓட்டுகிறோம்.
நாகலூரிலிருந்து மிளகும் காப்பிக்கொட்டையும் கீழே,
லீ பஜாரிலிருந்து அரிசியும் சிமெண்டும் மேலே.
லாபத்தில் சண்டை வந்ததில்லை.
ஆயிலில் வந்தது.

அவன் மினரல் கட்சி.
"பூமிக்கடியில இருந்து வந்தது, தவமணி.
விலையும் பாதி.
நாலாயிரத்துக்கு ஒருதரம்
கறுத்ததை வடிச்சுட்டுப் புதுசா ஊத்து,
வண்டி தலைமுழுகின மாதிரி இருக்கும்."

நான் சிந்தெடிக்.
சேகோ ஆலைச் சல்லடையில் மூன்று வருஷம் நின்றவள்.
ஒரே அளவில் திரண்ட ஜவ்வரிசி
ஒன்றுபோல வேகும்.
பொடியும் கட்டியும் கலந்ததோ
பாதி கரையும், பாதி அடிப்பிடிக்கும்.
சிந்தெடிக் சலித்த ஆயில், அவ்வளவுதான்.
பத்தாயிரம் தாங்கும் என்று
டப்பாவிலேயே போட்டிருக்கிறது.

"டப்பா ஏற்காடு ஏறியிருக்கா?" என்றான்.

நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்ளவில்லை.
மீட்டருக்கு மேடு தெரியாது.
ஓமலூர் ரோட்டில் வழுக்கிப் போன கிலோமீட்டரையும்
இரண்டாம் கியரில் முக்கி முக்கி ஏறியதையும்
ஒரே எண்ணாகத்தான் உருட்டும்.
அதனால் பத்தை ஏழாக்கினேன், மனசுக்குள்.
அவனிடம் எட்டு என்றேன்.

ஒரு நோட்டுப் போட்டோம்.
தேதி. கிலோமீட்டர். செலவு. என்ன ஊற்றினோம்.
அவன் முறைக்கு மினரல், என் முறைக்கு சிந்தெடிக்.
"ஒரே வயித்துக்கு ரெண்டு சமையல்காரங்க"
என்று சிரித்தார் அஸ்தம்பட்டி மெக்கானிக் கனி.
வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துக் காட்டினார்.
மினுங்கியது.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
கூட்டித் தள்ளிய குப்பைக்கும் விலையுண்டு,
வெள்ளித்தூள் இருக்கும்.
இந்த மினுக்கத்துக்கு
விலை கொடுக்கப்போவது நாங்கள்.
"உன் ஆயிலால" என்றேன்.
"நீ தள்ளிப்போட்ட நாளால" என்றான்.

ஐப்பசி. ஈரச் சாலை.
இருபத்தைந்து மூட்டை சிமெண்ட்,
இறக்க ஆளில்லாமல் இருவருமே வண்டியில்.
பதின்மூன்றாவது கொண்டை ஊசியில் ஒடிக்கும்போது
மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பாய் ஒன்று
கண் சிமிட்டியது.
நேரானதும் அணைந்தது.
பதினாலில் மறுபடி.
அணையவில்லை.

எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து,
அளவுக் கம்பியை உருவினேன்.
துடைத்து, விட்டு, மறுபடி உருவினேன்.
நுனியில் ஈரம், அவ்வளவே.
சரிவில் கம்பி பொய் சொல்லும்.
இவ்வளவு சொல்லாது.

"நீ பாக்கலையா?"
"போன வாரம் உன் வாரந்தானே?"

எந்த ஆயில் என்று பத்து மாதம் வாதாடிய இரண்டு பேரும்
எவ்வளவு ஆயில் என்று
ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.
மூட்டைமேல் ஏறி உட்கார்ந்த குரங்குக்குச்
சிமெண்ட் பிடிக்கவில்லை. போய்விட்டது.

கீழே இறங்கிய பால் வண்டிக்காரர்
சீட்டுக்கடியில் கைவிட்டு ஒரு கேன் எடுத்தார்.
லேபிள் போன கேன். முக்கால் நிறைவு.
"என்ன ஆயில்ணே?"
இருவரும் ஒரே மூச்சில்.
ஏற இறங்கப் பார்த்தார்.
"எஞ்சின் ஆயில்."

தண்ணீர் பாட்டிலை வெட்டிப் புனலாக்கி
அவன் பிடிக்க, நான் ஊற்றினேன்.
சத்தமில்லாமல் இறங்கியது.
எந்தக் கட்சி என்று சொல்லவில்லை.
விளக்கு அணைந்தது.

மேலே மூட்டையெல்லாம் இறக்கிவிட்டு
நோட்டைத் திறந்தேன்.
தேதி எழுதினேன். கிலோமீட்டர் எழுதினேன்.
செலவு: பால்காரர் காசு வாங்கவில்லை, சுழி.
நான்காவது கட்டத்தில் பேனா நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து
"இருந்ததை" என்று எழுதினேன்.

அமுல்ராஜ் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
ஓரமாக இன்னொரு கோடு கிழித்து
அதன் தலையில் எழுதினான்:
கம்பி பார்த்தது யார்.