தவறான பெயர்

பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் பெட்டி.
அவ்வளவுதான் நாங்கள் செய்தது,
காரைக்குடி செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில்.

ஒரு துண்டு அறுபத்து மூன்றுக்குள்.
முழுப் பெயர் இருநூற்று ஐம்பத்து மூன்றுக்குள்.
சிறுகோடு முதலில் நிற்காது, முடிவிலும் நிற்காது.
இரண்டு புள்ளி ஒட்டி வந்தால் வெளியே.
கடைசியில் ஒற்றைப் புள்ளி வந்தால் விடு,
அதுதான் வேர். பலர் அதை எழுதுவதே இல்லை.

சோதிப்பவள் ரஹ்மத் நிஷா.
கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டுவாள்:
வெற்று இடம், கண்ணடிக்கும் பொம்மை,
ஒருநாள் பிரியாணி ரசீது முழுவதும்.
எல்லாவற்றுக்கும் சிவப்பில் ஒரே பதில்,
"தவறான பெயர்."

செவ்வாய் மதியம் தேவகோட்டையிலிருந்து போன்.
எவர்சில்வர் பாத்திரம், மொத்த வியாபாரம்.
"மு.வைர.லெ. அடைக்கப்பன் பேசுறேன்.
நாலு தலைமுறையா இதே விலாசம்.
பினாங்கு பேரேட்டுல இருக்கு, கோயில் புள்ளிக் கணக்குல இருக்கு,
உங்க மிஷினு மட்டும் தப்புங்குது."

பதிவேட்டைத் திறந்தேன்.
முதலில் தன் கடைத் தளத்தின் பெயரைத் தட்டியிருக்கிறார்,
தமிழில், காசு கட்டி வாங்கியது.
தவறான பெயர்.
மறுபடி. தவறான பெயர்.
அப்புறம்தான் கோபத்தில் தன் விலாசத்தையே
பெட்டிக்குள் போட்டுப் பார்த்திருக்கிறார்.

எங்கள் பெட்டியில் மூத்தவர் கடைசியில் வருவார்,
அவர் விலாசத்தில் முதலில்.
நடுவில் புள்ளி இருவருக்கும் பொது.
இதை அவரிடம் சொல்லவில்லை.

பிழை என்னுடையது.
"எழுத்து மட்டும்" என்று விதி வைத்திருந்தேன்.
கணினிக் கணக்கில் கொம்பு எழுத்தல்ல,
காலும் அல்ல, தலைமேல் புள்ளியும் அல்ல.
அடைக்கப்பன் உள்ளே நுழையும்போது
அடககபபன ஆகி நின்றார்.

மாலைக்குள் திருத்தினேன்.
தமிழை முதலில் எக்ஸ், என், இரட்டைக் கோடாக மாற்று,
மாற்றிய பிறகே நீளத்தை எண்ணு.
கடைசியாக அந்தச் சிவப்பு வரி.
"இதை எங்களால் தேட முடியவில்லை" என்று எழுதினேன்.

இரவு இரண்டே காலுக்கு யாரோ
ஒரு பெயர், ஓர் அரைப்புள்ளி,
அதன் பின்னால் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை
அனுப்பியிருந்தார்கள்.
வாசலிலேயே நின்றுவிட்டது.

காலையில் நிஷா பார்த்துவிட்டுக் கேட்டாள்,
"இவனுக்குமா இந்த மரியாதை?"
இருக்கட்டும் என்றேன்.
அரைப்புள்ளிக்காரன்
போன் பண்ணப் போவதில்லை.