வெறும் தண்ணீர்

சூசைத்துறையிலிருந்து வந்த டப்பா.
மூடியில் நீல மை: ஆன்றோ ததேயு, பதினாலு மாசம்.
"நேத்து ராத்திரி தொட்டு பதினோரு வாட்டி,
அரிசி களுவுன தண்ணி கணக்கா.
கொதிக்க வச்சுத்தான் மக்களே குடுத்தேன்."
தாய் சொன்னதை
வார்டு சிஸ்டர் அப்படியே படிவத்தில் எழுதியிருந்தார்.

மறுநாள் தட்டில் இளஞ்சிவப்பாய்ப் புள்ளிகள்.
அழகானவை.
என் குடலிலும் உங்கள் குடலிலும்
சத்தமில்லாமல் குடியிருப்பவற்றின் அதே முகம்.
முகம் பார்த்துக் கள்ளனைப் பிடிக்க முடியாது இங்கே,
மடியில் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும்.

ஒரு புள்ளியைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு
பத்து நிமிஷம் கொதிக்க வைத்தேன், நானும்.
உயிர் போனது. எழுத்து மிச்சம்.

தொண்ணூற்று நான்கு பாகையில் இழை பிரியும்.
ஐம்பத்தைந்தில், நாங்கள் அனுப்பிய சின்னத் துண்டு
தன் இணையைத் தேடி ஒட்டும்.
எழுபத்திரண்டில் வளரும்.
மறுபடி. முப்பத்தைந்து முறை.
ஒன்று இரண்டாய், இரண்டு நாலாய்
மீட்டர் வட்டிக்காரன் கணக்கு.
முதல் இல்லையென்றால்
எத்தனை முறை பெருக்கினாலும் பூஜ்யம்.

ஆசாரிப்பள்ளத்தில் சாரல். ஒரு தடவை கரண்ட் கண் சிமிட்டியது.
ஜெல்லை ஊதா விளக்கின்மேல் வைத்தேன்.
ஏழாம் குழி, ஆன்றோ: ஒரு கோடு.
எட்டாம் குழியிலும் ஒரு கோடு.

எட்டில் நான் யாரையும் ஊற்றவில்லை.
அது வெறும் தண்ணீர்,
ஒன்றுமில்லை என்று சாட்சி சொல்ல வைத்தது.
அது பேசிவிட்டால்
மற்ற ஏழின் பேச்சும் செல்லாது.

எல்லாவற்றையும் கொட்டினேன்.
மேசை, பிப்பெட், விரலிடுக்கு எல்லாம் துடைத்தேன்.
ஃப்ளோரிபாய் மேடம் திட்டவில்லை.
"எந்தத் தண்ணி?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி குளச்சல் பஸ்ஸில் என்னோடு ஏறியது.
ஒருநாள் விட்டு ஒருநாள் விடியலில் வரும் குழாய்,
அதை உரசிப் போகும் ஓடை.
கொதித்ததை ஆற்ற ஒரு செம்பு எடுத்திருப்பாள்.
செம்பை எதில் கழுவியிருப்பாள்?

வெள்ளிக்கிழமை. புதுத் தண்ணீர், புதுக் குப்பிகள்.
எட்டாவது இருட்டு.
அவ்வளவு நல்ல இருட்டை நான் பார்த்ததில்லை.
ஏழாவது எரிந்தது:
சூடு தாங்காத நச்சின் மரபணு,
குடலின் மடையைத் திறந்துவிட்டு
அடைக்க விடாத நச்சு.

ஆன்றோ புதனன்றே வீட்டுக்குப் போயிருந்தான்.
உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம்,
துத்தநாக மாத்திரை, தாயின் உறக்கமில்லாக் கரண்டி.
என் கோடு அவனைக் காப்பாற்றவில்லை.

ஆனாலும் போன் செய்தேன்.
காற்று. வள்ளம் கரையேற்றும் இரைச்சல்.
"பயலுக்கு இப்பம் நல்ல பசி" என்றாள்.
பிறகு, "கண்டுபிடிச்சிட்டியளா? எங்க இருந்து வந்துது?"

'எங்கிருந்து' என்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
கிருமி நீக்கிய காலி டப்பா ஒன்றை எடுத்து
மூடியில் எழுதினேன்: சூசைத்துறை, தெருக்குழாய்.
வயதுக்கு ஒரு கோடு கிழித்தேன்.
பைக்குள் வைத்தேன்.

குழாயில் தண்ணீர் வருவது ஐந்தரைக்காம்.
முதல் பஸ் நாலே முக்காலுக்கு.