பூட்டு மூடி

கேத்தி பாலாடாவிலிருந்து எல்லநள்ளி ஏறும் வழியில்
மறுபடியும் நின்றுவிட்டது.
நேற்று இதற்கு ஒரு வளைவு கீழே.
திங்கட்கிழமை, கேரட் கழுவும் இடத்தைத் தாண்டியதுமே.
மிதிக்க மிதிக்க இருமும், விக்கும்,
பிறகு இழுவை செத்து
கையில் வெறும் ஸ்டியரிங் மட்டும் இருக்கும்.

மணி இரண்டே கால். பின்னால் முப்பது மூட்டை.
ஐந்துக்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்காவிட்டால்
ஹாலண்ணன் வாடகை தர மாட்டார், வசவு தருவார்.
இறங்கி, சக்கரத்துக்குக் கல் தேடினேன்.
கல் வைப்பது சகாயநாதன் வேலை.
எந்த வளைவில் எந்தக் கல் கிடக்கும் என்பது
அவனுக்குத்தான் தெரியும்.

ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி
டீ கிளாசில் பிடித்தேன்.
தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குண்டுமணியாய் உருளும்.
உருளவில்லை. சுத்தமான டீசல்,
சுத்தமான ஃபில்டர், போன வாரம்தான் போட்டது,
உம்மர் கடையில் அதற்கு இன்னும் பாக்கி.

சரி, காற்றுப் பிடித்திருக்கும்.
காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும்:
பம்பை அமுக்க ஒருவன்,
ஸ்பானரோடு நின்று "போதும்" என்று சொல்ல ஒருவன்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இடது கட்டைவிரலால் அமுக்கினேன்.
வலது கையால் திருகினேன்.
போதும் என்று எனக்கு நானே சொல்ல
வாயும் இல்லை.
நுரை வரவில்லை, முழங்கை வரை டீசல்தான் வந்தது.
அமுக்கிய ரப்பர் திரும்ப எழவும் இல்லை,
உறிஞ்சித் தீர்த்த பால் பாக்கெட் மாதிரி
ஒட்டிக் கிடந்தது.

இருபது நிமிடம் விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகும், தெரியும்.
உம்மர் கடை வாசலில் நிறுத்தினால்
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிற்கும்.
"வண்டிக்கு ஒண்ணும் இல்ல, உனக்குத்தான்" என்று
இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்.

மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது.
டேங்கில் எவ்வளவு என்று குச்சி விட்டுப் பார்க்கலாமென
இடுப்புச் சாவியை எடுத்து மூடியைத் திருப்பினேன்.

உஸ்ஸ்ஸ்.

தேயிலைக்குள் காட்டுமாடு மூச்சு விடுகிறதென்று
இரண்டடி பின்னால் தாவிவிட்டேன்.
மாடு இல்லை. டேங்க்.
எவ்வளவு நேரமாக அடக்கி வைத்திருந்ததோ
அவ்வளவு நீளமாக உள்ளிழுத்தது.

பழைய மூடியில் ஒரு துளை இருந்தது, ஊசி நுழையும் அளவு.
டீசல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர.
இது குன்னூர் மவுண்ட் ரோட்டில் வாங்கியது,
நானூற்றைம்பது ரூபாய், வேறு ஏதோ வண்டிக்கானது,
நல்ல பூட்டு. அதைத்தானே கேட்டேன்.
வாரத்துக்கு ஐந்து லிட்டர் குறைகிறதே என்று
அவனிடம் கேட்கவில்லை, பூட்டு வாங்கினேன்.
சகாயநாதன் மூடியைப் பார்த்தான்,
என் இடுப்பைப் பார்த்தான்,
மறுநாள் வரவில்லை.

மூடியைக் கழற்றிச் சீட்டில் போட்டு
டேங்க் வாயில் துணி கட்டி
சாவி கொடுத்தேன். ஒரே பிடியில் உயிர்.
பானெட்டைச் சாத்தப் போன கை
ஏனோ நின்றது. டார்ச்சைச் சரித்தேன்.

இன்ஜெக்டர் தலைமேல் ஓடுகிற ரிட்டர்ன் ட்யூப்,
பென்சில் கனம்கூட இல்லை,
கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது.
ஓடும்போது மட்டும் கசிகிறது.
ஒரு சொட்டு. எண்ணி நான்கு. இன்னொரு சொட்டு.
சூட்டில் விழுந்து புகையாகிறது, தரையில் தடயம் இல்லை.
நாள்முழுக்க ஏற்றம் இறக்கம், ஆறு நாள்.
கணக்குப் போட்டுப் பார்க்க விரல் வேண்டியிருக்கவில்லை.

வண்டியை அணைத்து, ட்யூப் ஆறியதும்
சைக்கிள் ட்யூப் கிழித்துச் சுற்றினேன்.
போன் அடித்தேன். நான்காவது மணியில் எடுத்தான்.
சொல்ல வந்தது தொண்டையில் ஏறி
பாதி ஏற்றத்தில் நின்றது.
"ரிட்டர்ன் ட்யூப் எத்தனை எம்எம்டா?" என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்தான்.
பிறகு கேட்டான்:
"கல்லு வெச்சீங்களா?"